பார்கின்சன்ல பேச்சு கம்மியாயிடுச்சா? வீட்ல இருக்கவங்க எங்கேருந்து ஆரம்பிக்கறது

பார்கின்சன்னாலே எல்லாருக்கும் கை நடுக்கம்தான் ஞாபகம் வரும். 1817ல ஜேம்ஸ் பார்கின்சன்ங்கற லண்டன் டாக்டர் இந்த நோயைப் பத்தி முதல்ல விரிவா எழுதினப்போ அவரும் தலைப்புல நடுக்கத்தைத்தான் வச்சார். ஆனா கூடவே இருந்து பாத்துக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க, "அவர் பேசறது ஒண்ணும் காதுல விழமாட்டேங்குது, திருப்பிக் கேட்டா கோவம் வேற வருது"ன்னுதான் சொல்வாங்க. நான் டாக்டரும் இல்ல தெரபிஸ்ட்டும் இல்ல, மாமனாரைப் பாத்துக்கற மருமக, அவ்ளோதான். இப்பதான் நோயோட பேரே கேள்விப்பட்டவங்க, இல்லாட்டி ரெண்டு மூணு வருஷம் ஆகியும் பேச்சைப் பத்தி யாருமே எதுவும் சொல்லாதவங்க, அவங்களுக்காக எழுதறேன்.

1978ல 200 பார்கின்சன் பேஷண்டுங்களைப் பரிசோதிச்ச ஒரு ஆய்வு இருக்கு. அதுல 89 சதவீதம் பேருக்கு குரல்ல ஏதோ ஒரு கோளாறு இருந்துச்சு, உச்சரிப்புல கோளாறு இருந்தது 45 சதவீதம் பேருக்குத்தான். அதாவது பெரும்பாலும் குரல்தான் முதல்ல அடிவாங்குது, வார்த்தை குழையறது அதுக்கப்புறம். அதனால "வாயைத் தெறந்து தெளிவா பேசுங்க"ன்னு சொல்றதைவிட சத்தத்துல கை வைக்கறதுதான் சரியான ஆரம்பம், ஏன்னு கீழ சொல்றேன்.

படி 1: என்ன மாறியிருக்குன்னு ஒரு வாரம் கவனிங்க

டாக்டர்கிட்ட போய் "பேச்சு சரியில்ல"ன்னு மொட்டையா சொன்னா அவரும் தலையாட்டிட்டு மாத்திரைக்குப் போயிடுவார். குறிப்பா சொல்லணும். சத்தம் கம்மியாயிருக்கா, குரல் கரகரன்னு இல்ல காத்து கலந்த மாதிரி வருதா, ஏத்த இறக்கம் இல்லாம ஒரே சுதியில போகுதா, வாக்கியம் ஆரம்பத்துல நல்லா இருந்து கடைசி ரெண்டு வார்த்தை தொண்டைக்குள்ளயே போயிடுதா, திடீர்னு வேகமெடுத்து எல்லா வார்த்தையும் ஒண்ணு மேல ஒண்ணு விழுதா, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப சொல்றாரா, பேச ஆரம்பிக்கவே நேரம் ஆகுதா. இதுல எது எதுன்னு எழுதி வைங்க, காலைல எப்படி, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எப்படி, சாயந்திரம் களைச்சுப்போனப்போ எப்படின்னு நேரத்தோட எழுதினா இன்னும் நல்லது. ரெண்டு நிமிஷம் போன்ல ரெக்கார்டும் பண்ணி வைங்க (அவர்கிட்ட சொல்லிட்டு), ஏன்னா டாக்டர் முன்னாடி உக்காந்தா முக்கால்வாசி பேர் அசத்தலா பேசிடுவாங்க, வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான்.

முகத்தையும் சேத்துப் பாருங்க. பார்கின்சன்ல முகத்தசை அசையறது குறைஞ்சு சிரிப்பு, ஆச்சரியம் எதுவும் வெளிய தெரியாது, குரலும் ஒரே மாதிரி இருக்கும், ரெண்டும் சேந்தா வந்தவங்க "இவருக்கு நம்மளப் பாத்தா பிடிக்கல போல"ன்னு நெனச்சுட்டுப் போயிடறாங்க. உள்ள மனுஷன் அப்படியேதான் இருப்பார்.

இன்னொண்ணு, எல்லாத்தையும் பார்கின்சன் தலைல கட்டாதீங்க. வயசானா தொண்டைல அதிர்ந்து சத்தம் குடுக்கற ரெண்டு குரல்நாணும் மெலிஞ்சு போகும், ரெண்டும் முழுசா ஒட்டாம நடுவுல காத்து கசியும், ஆம்பளைங்க குரல் கொஞ்சம் கீச்சுன்னு ஏறும், பொம்பளைங்க குரல் கொஞ்சம் கட்டையாகும், இது நோயே இல்லாதவங்களுக்கும் வர்றது. பல்செட் லூசா இருந்தாலும் பேச்சு குழறும். சில நடுக்க மாத்திரை வாயை வறண்டு போக வைக்கும். கரகரப்பு நாலு வாரம் தாண்டியும் சரியாகாம இருந்தா ஈஎன்டி டாக்டர்கிட்ட குரல்நாணைப் பாக்கச் சொல்லுங்க, அது பார்கின்சனாதான் இருக்கும்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. நேத்து வரைக்கும் ஓரளவு பேசிட்டு இருந்தவர் இன்னைக்கு திடீர்னு குழறினா, வாய் ஒரு பக்கம் இழுத்தா, ஒரு கை தூக்க முடியாம போனா, அது பக்கவாதமா இருக்கலாம், ஒரு நிமிஷம்கூட யோசிக்காம அவசர சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போங்க. பார்கின்சன் பேச்சு மெதுவா, மாசக்கணக்குல மாறும், ராத்திரியோட ராத்திரியா மாறாது.

படி 2: அவருக்குத் தன் சத்தம் கம்மின்னே தெரியாது, இதை முதல்ல நம்புங்க

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு விஷயம் எடுத்துக்கறதா இருந்தா இதை எடுத்துக்கோங்க. கை நடுங்கறது அவருக்கே தெரியும், குரல் கொறைஞ்சது தெரியாது. மூளைல டோபமின்ங்கற ரசாயனம் கொறையறதால எந்த அசைவுக்கு எவ்ளோ பலம் போடணும்ங்கற கணக்கு மாறிடுது, அதனாலதான் கையெழுத்து சின்னதாகுது, நடக்கறப்போ எட்டு சின்னதாகுது, அதே மாதிரி குரலும் சின்னதாகுது. கூடவே தன் குரலைத் தானே அளக்கற உள்மீட்டரும் தப்பா செட் ஆயிடுது. முணுமுணுன்னு பேசிட்டு சாதாரணமா பேசறதா நெனப்பார், நீங்க சொல்றீங்களேன்னு சாதாரண சத்தத்துல பேசினா அவருக்கே தான் கத்தற மாதிரி இருக்கும், உடனே கொறைச்சுடுவார்.

எங்க வீட்ல இது எப்படி நடக்கும்னா, மாமா ஹால்ல உக்காந்துட்டு ஏதோ சொல்வார், அத்தை "என்ன?"ம்பாங்க, மாமா திருப்பி அதே சத்தத்துல சொல்வார், அத்தை மறுபடி "என்னங்க, சத்தமாத்தான் சொல்லுங்களேன்"ம்பாங்க, அதுக்கு மாமா "நான் கத்திட்டுத்தான் இருக்கேன், உனக்குத்தான் காது போச்சு"ன்னு மூஞ்சியைத் திருப்பிப்பார். நாலு தடவை இப்படி ஆச்சுன்னா அஞ்சாவது தடவை பேசவே மாட்டார். பேச்சு நின்னு போறதுக்குப் பல வீட்டுல தசையைவிட இந்த அலுப்புதான் பெரிய காரணம்னு எனக்குத் தோணுது.

இதைச் சண்டை போடாம புரிய வைக்க போன் போதும். சத்தம் அளக்கற டெசிபல் ஆப் ஏதாவது ஒண்ணு இறக்கிக்கோங்க. மேசைல போனை அவர் வாய்லேருந்து சுமார் 30 செ.மீ. தூரத்துல வச்சு ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும் சாதாரணமா எண்ணச் சொல்லுங்க, வர்ற நம்பரைக் குறிச்சுக்கோங்க. அப்புறம் பக்கத்து ரூம்ல இருக்கவரைக் கூப்பிடற மாதிரி நெனச்சுட்டு மறுபடி எண்ணச் சொல்லுங்க. போன் ஆப் காட்டற நம்பர் துல்லியமா இருக்காது, ஆனா அதே போன், அதே தூரம்னா ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கலாம். பார்கின்சன் பேஷண்டுங்க சத்தம் அதே வயசுக்காரங்களைவிட 2லேருந்து 4 டெசிபல் கம்மியா இருக்கறதா அளந்திருக்காங்க. கேக்க சின்ன நம்பர்தான், ஆனா 3 டெசிபல் கொறைஞ்சாலே ஒலியோட சக்தி பாதியாயிடும். அப்புறம் ரெண்டு ரெக்கார்டிங்கையும் போட்டுக் காட்டுங்க. தன் குரலை வெளியிலேருந்து கேக்கறப்போதான் பல பேர் "இவ்ளோ மெதுவாவா பேசறேன்?"னு அசந்து போவாங்க. ரெண்டாவது தடவை சத்தம் ஏறிச்சுன்னா அது நல்ல செய்தி, குரல் உள்ள இருக்கு, வெளிய கொண்டுவரத்தான் பழகணும்.

படி 3: கேக்கறவங்க காதையும் பரிசோதிங்க

மாமா சொன்னதுலயும் பாதி உண்மை இருக்கலாம். 60 வயசு தாண்டினவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கற அளவு காது மந்தம் இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வயசான காதுல முதல்ல போறது கீச்சுக் குரலான ஒலிங்க, ச, த மாதிரி எழுத்தெல்லாம் அங்கதான் இருக்கு. மெதுவா பேசற புருஷனும் காது மந்தமான மனைவியும் ஒரே வீட்ல இருந்தா ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, ரெண்டு பேருக்கும் வைத்தியம் வேணும். அதனால பேஷண்ட், அவரோட துணை ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல காது டெஸ்ட் எடுத்துடுங்க.

படி 4: ஸ்பீச் தெரபிஸ்ட்டை சீக்கிரமா பாருங்க

பேச்சு சுத்தமா புரியாம போனப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடறதுதான் பொதுவா நடக்குது. சத்தம் லேசா கொறைய ஆரம்பிக்கறப்பவே போனா கத்துக்கறதும் சுலபம், பழக்கமும் நிக்கும். நியூராலஜிஸ்ட் தானா சொல்லாட்டி நீங்களே கேட்டு வாங்குங்க. பார்கின்சனுக்குக் குடுக்கற லெவோடோபா மாத்திரை கை கால் இறுக்கத்துக்குக் கேக்கற அளவுக்குப் பேச்சுக்கு நம்பி இருக்க முடியாது, சிலருக்கு உதவும், சிலருக்கு பெருசா வித்தியாசமே தெரியாது. மூளைல மின்முனை வைக்கற டிபிஎஸ் ஆபரேஷன் நடுக்கத்துக்கு நல்லா வேலை செய்யும், ஆனா சிலருக்கு அதுக்கப்புறம் பேச்சு மோசமாகறது உண்டு, அதனால அந்த ஆபரேஷன் பத்திப் பேச்சு வந்தா முன்னாடியே "பேச்சுக்கு என்ன ஆகும்?"னு நேரா கேளுங்க.

தெரபில அதிகமா பரிசோதிச்சுப் பாத்தது எல்எஸ்விடி லவுட்ங்கற முறை. லீ சில்வர்மன்னு பார்கின்சன் வந்த ஒரு பெண்மணி பேரை வச்சது, 1987ல அமெரிக்கால லொரெய்ன் ராமிக்கும் கூட இருந்தவங்களும் உருவாக்கினாங்க. வாரத்துக்கு நாலு நாள், நாலு வாரம், மொத்தம் 16 தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், அது போக வீட்டுப்பாடம். கேக்க கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா உள்மீட்டரைத் திருப்பி செட் பண்றதுதான் நோக்கம்ங்கறதால வாரம் ஒரு நாள் போய் வந்தா அது நடக்காது. நாக்கை இப்படி வை, உதட்டை அப்படி வைன்னு பத்து விஷயம் சொல்ல மாட்டாங்க, "சத்தமா நெனச்சுப் பேசு"ங்கற ஒண்ணே ஒண்ணுதான், சத்தம் ஏறினா வாய் தானா நல்லா தெறக்கும், உச்சரிப்பும் கூடவே தேறும்.

இங்கிலாந்து பக்கம் 388 பேரை வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணி 2024ல வெளியிட்டாங்க. எல்எஸ்விடி எடுத்தவங்களுக்கு, தெரபியே எடுக்காதவங்களைவிடவும், அங்க வழக்கமா குடுக்கற தெரபி எடுத்தவங்களைவிடவும், குரலால வர்ற தொந்தரவு கொறைஞ்சிருந்துச்சு. வழக்கமான தெரபிக்கும் தெரபி இல்லாததுக்கும் பெருசா வித்தியாசம் தெரியல. இன்னொரு பக்கமும் சொல்லிடறேன், எல்எஸ்விடி எடுத்ததுல சிலருக்குத் தொண்டை கரகரப்பு வந்துச்சு, அப்படி வந்தா தெரபிஸ்ட்கிட்ட உடனே சொல்லணும். உங்களுக்குக் கிடைக்கற தெரபிஸ்ட் இந்த முறையில பயிற்சி எடுத்தவரா, இல்லாட்டி பார்கின்சன் பேஷண்டுங்களோட எவ்ளோ வேலை செஞ்சிருக்கார்னு கேளுங்க. நேர்ல போக முடியலன்னா வீடியோ கால்லயும் இதைச் செய்யறாங்க.

டாக்டர்கிட்ட எப்படி பேச்சை எடுக்கறதுன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு. பார்கின்சன்ல வாழ்க்கைத் தரத்தை அளக்க பிடிக்யூ-39ன்னு 39 கேள்வி இருக்கற ஒரு படிவம் பயன்படுத்துவாங்க, அதுல பேச்சுத் தொடர்புக்குன்னு மூணு கேள்வி: பேசறதுல சிரமமா இருந்துச்சா, மத்தவங்களோட சரியா பேசிப் பழக முடியலன்னு தோணுச்சா, ஜனங்க உங்களைக் கண்டுக்காம விடற மாதிரி இருந்துச்சா. இந்த மூணையும் வீட்லயே அவர்கிட்ட கேளுங்க. மூணாவது கேள்விக்குத்தான் மாமா ரொம்ப நேரம் பதில் சொல்லாம இருந்துட்டு "எப்பவும்"னார்.

படி 5: வீட்டுப் பயிற்சி, கொஞ்சமா ஆனா தினமும்

தெரபிஸ்ட் குடுத்ததைத்தான் செய்யணும், பொதுவா அது எப்படி இருக்கும்னு சொல்றேன். மாத்திரை நல்லா வேலை செய்யற நேரமா பாத்துக்கோங்க, களைச்சுப்போன நேரம் வேண்டாம். நாற்காலில நிமிந்து உக்காந்து, ரெண்டு பாதமும் தரைல பட, நல்லா மூச்சு இழுத்து, "ஆஆஆ"ன்னு ஒரே சீரா, எவ்ளோ நேரம் முடியுமோ அவ்ளோ நேரம். தொண்டையை இறுக்காம, கழுத்து நரம்பு புடைக்காம வரணும், வலிச்சா நிறுத்திடுங்க. அடுத்து அதே "ஆ"வைக் கீழேருந்து மேல ஏத்தறது, மேலேருந்து கீழ இறக்கறது. அப்புறம் அவர் தினம் நெஜமாவே சொல்ற பத்து வாக்கியம் எழுதி வச்சு அதைச் சத்தமா சொல்றது. "கண்ணாடி எங்க வச்சேன்?", "டிவி சவுண்டைக் கொறை", பேரப்பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிடறது, இந்த மாதிரி. பாடப்புத்தக வாக்கியம் வேண்டாம், யாரும் வீட்ல அப்படிப் பேசறதில்ல. கடைசில பேப்பரோ கதையோ ஒரு பத்தி சத்தமா படிக்கறது.

பயிற்சில நல்லா வர்ற சத்தம் சாதாரணப் பேச்சுக்கு வர மாட்டேங்குதேன்னு எல்லாரும் புலம்பறாங்க, அதுதான் இருக்கறதுலயே கஷ்டமான பகுதி. அதுக்காக நாள்ல ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கோங்க, உதாரணமா "இன்னைக்கு போன் எடுத்தா முதல் வார்த்தை சத்தமா." ஒரு வாரம் கழிச்சு இன்னொண்ணு சேத்துக்கலாம். பாட்டுப் பாடப் பிடிக்கும்னா தாராளமா பாடட்டும், மனசுக்கும் மூச்சுக்கும் நல்லது, ஆனா தெரபிக்குப் பதிலா அதை மட்டும் வச்சுக்காதீங்க. தண்ணி அடிக்கடி ஒரு வாய் குடிக்கட்டும், தொண்டையை உறுமிக் கனைச்சுக்கிட்டே இருக்க வேண்டாம், அது குரல்நாணை இன்னும் புண்ணாக்கும்.

படி 6: கேக்கறவங்க மாத்திக்க வேண்டியது

பாதிப் பேச்சு பேசறவர் கைல, மீதி கேக்கறவங்க கைல. "என்ன? என்ன?"ன்னு கேக்கறதை விட்டுடுங்க, அவருக்கு அது "வேற வார்த்தைல சொல்லு"ங்கற மாதிரி கேக்குமே தவிர "சத்தத்தை ஏத்து"ன்னு கேக்காது. "மாமா, சத்தமா"ன்னு ஒரே வார்த்தை, அதுவும் கெஞ்சலும் இல்லாம அதட்டலும் இல்லாம. வெளியாளுங்க முன்னாடி அதுவும் வேண்டாம், உள்ளங்கையை லேசா மேல தூக்கிக் காட்டினா போதும்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. புரிஞ்ச வரைக்கும் நீங்க திருப்பிச் சொல்லி மீதியை மட்டும் கேளுங்க: "நாளைக்கு டாக்டர்னு புரிஞ்சுது மாமா, எத்தன மணிக்கு?" முழு வாக்கியத்தையும் மறுபடி சொல்ல வைக்கறதுக்கு இது எவ்ளோ மேல்னு ஒரு தடவை செஞ்சு பாத்தாலே தெரிஞ்சுடும். புரியாம புரிஞ்ச மாதிரி தலையாட்டறது மட்டும் வேண்டவே வேண்டாம், அவங்க கண்டுபிடிச்சுடுவாங்க.

டிவி, மிக்சி, ஃபேன் சத்தம் நடுவுல பேசாதீங்க. வேற ரூம்லேருந்து கேள்வி கேக்காம எதிர்ல போய் உக்காந்து முகம் பாத்துக் கேளுங்க. கேள்வி கேட்டுட்டு காத்திருங்க, பார்கின்சன்ல யோசிச்சு பதில் ஆரம்பிக்கவே நேரம் ஆகும், நாம பொறுக்காம ரெண்டாவது கேள்வி போட்டா முதல் பதிலும் போச்சு. மனசுக்குள்ள மெதுவா பத்து எண்ணுங்க. நடந்துக்கிட்டே, படி எறங்கிக்கிட்டே பேசச் சொல்லாதீங்க, ரெண்டு வேலையும் ஒண்ணா செய்யறப்போ பேச்சும் குறையும், விழற ஆபத்தும் உண்டு. பத்து பேர் கூடற இடத்துல அவரை ஓரமா உக்கார வைக்காம ரெண்டு பேர் பேசற மூலையில உக்கார வைங்க.

முக்கியமா அவருக்குப் பதிலா நீங்க பதில் சொல்லாதீங்க. டாக்டர் ரூம்லகூட "மாமா சொல்வாங்க"ன்னு சொல்லிட்டு சும்மா இருங்க, அவர் கண்ணால உதவி கேட்டா மட்டும் வாயைத் தெறங்க. அவர் சொல்ல வந்த வாக்கியத்தை நாமளே முடிச்சு வைக்கறது உதவி மாதிரிதான் தெரியும், ஆனா கொஞ்ச நாள்ல அவர் ஆரம்பிக்கறதையே விட்டுடுவார்.

படி 7: முழுங்கறதையும் கண்ல வைங்க

பேசற தசையும் முழுங்கற தசையும் பெரும்பாலும் ஒண்ணுதான், அதனால பேச்சு மாறினா முழுங்கறதும் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. தண்ணி குடிச்சா இருமல், சாப்பிட்டப்புறம் தொண்டைல ஈரம் இருக்கற மாதிரி களகளன்னு குரல், சாப்பிட ரொம்ப நேரம் ஆகறது, எடை கொறையறது, அடிக்கடி சளி ஜுரம், இதுல எது இருந்தாலும் தெரபிஸ்ட்டை முழுங்கறதையும் பரிசோதிக்கச் சொல்லுங்க. சாப்பாடோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள்ள போய் நிமோனியா வர்றது பார்கின்சன்ல உயிருக்கே ஆபத்தான விஷயம், சிலருக்கு இருமலே இல்லாம உள்ள போகும். எச்சில் வழியறதும் எச்சில் அதிகம் சுரக்கறதால இல்ல, அடிக்கடி முழுங்காததால. அதுக்கும் பயிற்சி, மருந்து, ஊசின்னு வழி இருக்கு, வெக்கப்பட்டு மறைக்காம சொல்லுங்க. வெளிமூச்சுத் தசையைப் பலப்படுத்த எதிர்த்து ஊதற ஒரு சின்னக் கருவி இருக்கு, அஞ்சு தடவை ஊதறது, அப்படி அஞ்சு சுத்து, வாரம் அஞ்சு நாள், இருமற பலத்துக்கும் முழுங்கறதுக்கும் நல்லதுன்னு ஆய்வு இருக்கு. பிபி, இதயக் கோளாறு இருக்கவங்க டாக்டரைக் கேக்காம அதைத் தொடக்கூடாது.

படி 8: கருவிங்க

தெரபி எடுத்தும் சத்தம் போதலன்னா காதுல மாட்டற மைக்கும் இடுப்புல கட்டற ஸ்பீக்கரும் சேந்த வாய்ஸ் ஆம்ப்ளிஃபயர் கிடைக்குது, வகுப்பெடுக்கற டீச்சருங்க மாட்டியிருப்பாங்களே அதேதான். சத்தம் மட்டும் கம்மி, வார்த்தை தெளிவுன்னா இது நல்லா உதவும். வார்த்தையே குழையுதுன்னா குழையறதைத்தான் பெருசாக்கும், காசு வீண். வேகமா ஓடற பேச்சுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கட்டமா விரலால தொட்டுக்கிட்டே பேசற பலகை இருக்கு. எழுத்துப் பலகை வச்சு ஒவ்வொரு வார்த்தையோட முதல் எழுத்தைத் தொட்டுட்டு சொன்னா கேக்கறவங்களுக்குப் பாதி வேலை மிச்சம். போன்ல டைப் பண்ணிக் காட்டறதும் ஒரு வழிதான், ஆனா விரல் நடுக்கம் இருந்தா அடிக்கடி வேண்டியதை முன்னாடியே சேவ் பண்ணி வச்சுக்கிட்டா நல்லது.

அவரோட சொந்தக் குரலைப் பதிவு பண்ணி வச்சு, பின்னாடி டைப் பண்றதை அந்தக் குரல்லயே பேச வைக்கற வசதிங்க இப்ப வந்திருக்கு. இதைப் பத்தி தெரபிஸ்ட்கிட்ட கேக்கறதா இருந்தா குரல் நல்லா இருக்கறப்பவே கேளுங்க. நாலு வாரத் தெரபி முடிஞ்ச கையோட, மாத்திரை வேலை செய்யற நேரமா, ஃபேனை நிறுத்திட்டு, ஒரு நாளைக்குப் பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல போகாம ரெக்கார்டு பண்ணுங்க, ஃபைலை ஒரு போன்ல மட்டும் வைக்காம ரெண்டு இடத்துல வைங்க.